ஜட்ஜ் ஐயாவுக்குச் சளி

அந்த விசில் சத்தம் கேட்கத் தொடங்கிய நான்காம் நாள் சாயங்காலம், டிகிரி தன் வீட்டு ஹாலில் இருந்த ஏசியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் மல்லாக்கப் போட்டான்.

டிகிரி என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். படித்து வாங்கிய டிகிரி எதுவும் அவனிடம் கிடையாது. வாயைத் திறந்தால் "இருபத்தி நாலு டிகிரி போதும்", "பதினெட்டு டிகிரியில வெச்சா கம்ப்ரசர் அழுதுரும்" என்று டிகிரியாகவே கொட்டுவதால் ஒட்டிக்கொண்ட பெயர். பதினேழு வருடமாக ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறான். கையைவிடக் காதில்தான் அவனுக்குப் பெருமை அதிகம். யாராவது போன் செய்தால், "போனை மெஷின் பக்கத்துல பிடிங்க" என்பான். இரண்டு நொடி கேட்பான். "உள் விசிறியில புஷ் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்ட காதுக்கு இந்தச் சத்தம் பிடிபடவில்லை. மெல்லிய 'கீ…ச்', பிறகு 'டிக்' என்று ஒரு சொடுக்கு, பிறகு அமைதி. ஏதோ சின்னக் குழாயில் காற்று கசிகிற மாதிரி. முதல் நாள் அலட்சியம் செய்தான். இரண்டாம் நாள் ஃபில்டரைக் கழுவினான். மூன்றாம் நாள் விசிறியைக் கழற்றி மாட்டினான். நான்காம் நாள் மொத்த ஏசியும் தரைக்கு வந்துவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப கத்து பாப்போம்" என்று சவால் விட்டான்.

'கீ…ச். டிக்.'

தரையில் செத்துக் கிடக்கிற ஏசி விசிலடிக்காது என்கிற அளவுக்கு அவனுக்கு விவரம் உண்டு. அப்படியானால் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜை நிறுத்தினான். 'கீ…ச்.' மெயின் சுவிட்சையே இறக்கினான். வீடு முழுக்க ஊமையாகிவிட்டது. அந்த அமைதியில் சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. டிகிரி நான்கு காலில் நின்று, காதைத் தரையோடு வைத்து, ஹாலின் குறுக்கே தவழ்ந்து போனான். சத்தம் அவனைச் சுவரோரத்து மரப்பெட்டிக்குக் கூட்டிப்போய் நிறுத்தியது. பெட்டிக்குள் ஜட்ஜ் ஐயா கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இடது மூக்குத் துவாரத்தில் கடுகளவு ஒரு குமிழி பெரிதாகி, உடைந்து, மறுபடி பெரிதானது.

ஜட்ஜ் ஐயா ஒரு நில ஆமை. ஒன்றரை வயது. உள்ளங்கைக்குள் அடங்குவார். அவர் டிகிரியின் மாமியாருக்குச் சொந்தம்.

அத்தை ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லேபிள் ஒட்டாத பாட்டிலைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். வீட்டு உப்பு டப்பாவில்கூட 'உப்பு' என்று எழுதியிருப்பார். ஓய்வு பெற்ற கையோடு, முறைப்படி பதிவுச் சீட்டெல்லாம் வாங்கிக்கொண்டு இந்த ஆமையை வளர்க்கத் தொடங்கினார். கழுத்து மடிப்பும், எதிரே இருப்பவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையைத் திருப்பிக்கொள்கிற தோரணையும் பார்த்து ஜட்ஜ் ஐயா என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

வெளியூரில் அத்தையின் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதமாவது கூட இருக்க வேண்டும். அதனால் ஜட்ஜ் ஐயா பெட்டியோடும் இரண்டு விளக்குகளோடும் டிகிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு விளக்கு சூட்டுக்கு. இன்னொன்று வெயிலுக்குப் பதிலாக. கூடவே அத்தையின் குண்டு குண்டான கையெழுத்தில் நான்கு பக்கக் குறிப்பு.

"மாப்பிள்ளை, இதை ஒரே ஒரு தடவை முழுசா படிச்சிருங்க."

"டெம்பரேச்சர்தானே அத்தை? அது என் தொழில்."

"அதான் பயமா இருக்கு" என்றார் அத்தை. ஜோக்கென்று நினைத்து டிகிரி பெரிதாகச் சிரித்தான்.

அத்தை கிளம்பியதும் நான்கு பக்கத்தையும் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். ஒட்டியதோடு படித்த திருப்தி வந்துவிட்டது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் படிக்காத வாடிக்கையாளர்களை அவன் திட்டாத நாள் கிடையாது. "எழுதினவன் என்ன வேலையத்தவனா?" என்று கேட்பான்.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தான். ஊருக்கெல்லாம் இருபத்தி நாலு டிகிரி உபதேசம் செய்கிறவன், தன் வீட்டை எப்போதும் இருபதில் வைத்திருப்பான். வருகிறவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நுழைவார்கள். அந்த ஹாலில் ஒரு பக்கம் ஏசி குளிரவைக்க, இன்னொரு பக்கம் விளக்கு சூடேற்ற, இரண்டும் மல்லுக்கட்டுவதை ஒரு தொழில்காரன் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்? விளக்கை அணைத்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது; ஓட்டைக் கழற்றிப் போடக்கூட முடியாத ஜீவன் எப்படிப் புழுங்குமோ என்று மனம் இளகி, பெட்டியை ஏசிக்கு நேர் கீழே தள்ளி வைத்தான். வீட்டிலேயே சொகுசான இடத்தை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவனுக்குக் கண்கூட லேசாகக் கலங்கியது.

முதல் நாலைந்து நாள் ஜட்ஜ் ஐயா பெட்டியைச் சுற்றிவந்தார், இலை தின்றார். அப்புறம் சுற்றுவது குறைந்தது. இரண்டு வாரத்தில் முழுநேரத் தூக்கம்.

மனைவி நீண்டதூர ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நான்கைந்து நாள் ரயிலோடு போவாள், இரண்டு நாள் வீட்டில் இருப்பாள். அவளிடம் போனில், "உங்கம்மா எவ்வளவு பயமுறுத்தினாங்க! தங்கமான மனுஷன். சத்தமே இல்ல" என்றான் டிகிரி.

தங்கமான மனுஷன் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தார். தினமும் ஒரே இலையைத் தின்றால் யாருக்குத்தான் சலிக்காது என்று தக்காளி நறுக்கி வைத்தான். வெள்ளரி வைத்தான். ஒருநாள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வைத்தான். எதுவும் தொடப்படவில்லை. 'வயிறு நிறைஞ்சிருக்கும்' என்று நினைத்துக்கொண்டான். எதனால் நிறைந்தது என்று மட்டும் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வீடியோவில் கூப்பிடுவார்.

"ஜட்ஜ் ஐயா சாப்பிட்டாரா மாப்பிள்ளை?"

"நல்லா சாப்பிட்டார் அத்தை."

"எங்க, சாப்பிடறப்ப காட்டுங்க."

இங்கேதான் டிகிரி தன் வாழ்நாளின் மட்டமான வேலையைச் செய்தான். ஜட்ஜ் ஐயாவின் வாயருகே ஒரு இலையை வைத்து, பின்பக்கமிருந்து விரலால் அதை மெல்ல ஆட்டினான். அந்தப் பக்கம் போன் திரை சின்னது, அத்தைக்குக் கண்ணாடியும் மாற்ற வேண்டிய காலம். "ம், ம், மெதுவா சாப்பிடுங்க" என்று அவர் ஆமையைக் கொஞ்சினார். டிகிரியின் காது மடல் சூடாகிவிட்டது. இருபது டிகிரி அறையில் அது ஒன்றுதான் சூடு. பயந்து செய்த காரியம்கூட இல்லை. எழுப்பிச் சாப்பிட வைத்துக் காட்ட வேண்டுமே என்கிற சோம்பல்தான் காரணம். அப்போதும் அவனுக்கு ஜட்ஜ் ஐயா தூங்குகிறார் என்றுதான் எண்ணம்.

இப்போது டிகிரி அவர் மூக்குக் குமிழியைப் பார்த்தபடி தரையில் மண்டிபோட்டிருந்தபோது அந்த எண்ணமெல்லாம் ஆட்டம் கண்டது. நான்கு நாளாக அந்த மூச்சுதான் விசிலடித்திருக்கிறது. அவனோ ஏசியைக் கழற்றியிருக்கிறான்.

ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஓடி, நான்கு பக்கத்தையும் பிய்த்து எடுத்துப் படித்தான். முதல் பக்கத்தின் மூன்றாவது வரி: 'குளிர் ஆகவே ஆகாது. ஏசி ஓடும் அறையில் வைக்கக் கூடாது.' சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு. இரண்டாம் பக்கம்: 'ரொட்டி, பால் தரக் கூடாது.' மூன்றாம் பக்கத்தில் நோய் அறிகுறிகள். பகலிலும் கண்ணை மூடியே இருத்தல். சாப்பிட மறுத்தல். மூக்கில் நீர் அல்லது குமிழி. மூச்சில் விசில் அல்லது சொடுக்குச் சத்தம். கழுத்தை நீட்டி வாயால் மூச்சு விடுதல். கீழே எழுதியிருந்தது: 'இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகவும்.'

ஒன்று தெரிந்தாலும். இங்கே ஐந்தும் வரிசைகட்டி நின்றன. எந்தப் பரீட்சையிலும் டிகிரி இப்படி முழு மார்க் வாங்கியதில்லை.

அத்தை டாக்டரின் முகவரியும் எழுதியிருந்தார். டிகிரி ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டு சுற்றி, குளிர் போகாமலிருக்க அவன் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தான். குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். மூன்று வாரத்தில் அவன் மூளை செய்த முதல் உருப்படியான வேலை அது. காற்றுக்கு மூடியில் ஓட்டை போட்டு, ஜட்ஜ் ஐயாவை உள்ளே வைத்து, வண்டியின் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தான்.

டாக்டர் அம்மா கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். ஜட்ஜ் ஐயாவைத் தராசில் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். அத்தையின் நான்காம் பக்கத்தைப் பார்த்தார். கிளம்புகிற அன்று இருநூற்று நாற்பத்தொன்று. ஓட்டில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு எழுத உட்கார்ந்தார்.

"வீட்டுல எவ்வளவு சூடு இருக்கும்?"

"இருபது."

"அது விடியக்காலையிலயா?"

"எப்பவும்."

"வெளிய முப்பத்தாறு அடிக்குது. எப்படி எப்பவும் இருபது?"

"ஏசி இருக்கு டாக்டர்."

"ஏசிக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்?"

டிகிரி தொண்டையைச் செருமினான். "நேர் கீழ."

"விளக்கு போடறதில்லையா?"

"அணைச்சுட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவன் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தான். பேசாமல் தச்சர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். ஆனால் சட்டைப் பையில் கம்பெனிப் பெயர், கூடவே ஒரு பனிக்கரடிப் படம்.

"ஏசி மெக்கானிக்."

டாக்டர் அந்தப் பனிக்கரடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். இவருக்கு உடம்புக்குள்ள ஹீட்டர் கிடையாது. வெளிய என்ன சூடோ அதுதான் உடம்புச் சூடு. அது குறைஞ்சா ஜீரணம் நிக்கும், நோயை எதிர்க்கிற சக்தியும் நிக்கும். நுரையீரல்ல சளி கட்டிச்சுன்னா நம்மள மாதிரி இருமித் தள்ளவும் வராது."

"நான் தூங்கறார்னு நினைச்சேன் டாக்டர்."

"தூங்கல. ஒவ்வொரு சுவிட்சா அணைஞ்சுட்டு இருந்தார்."

முன்னங்காலில் ஊசி போட்டார். ஜட்ஜ் ஐயா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "இழுக்கணும். இழுக்க மாட்டேங்கறார்" என்று டாக்டர் தனக்குள் சொல்வது போல் சொன்னார். மூன்று நாளைக்கு ஒரு ஊசி, மொத்தம் ஏழு. சூட்டு விளக்கு இனி அணையவே கூடாது. விளக்கடியில் முப்பத்திரண்டு, பெட்டியின் மறுகோடியில் இருபத்தெட்டு. தினமும் கழுத்துக்குக் கீழே நிற்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம். தினமும் எடை. வாயைத் திறந்து எதையும் திணிக்கக் கூடாது.

"பிழைச்சுருவார் இல்ல?"

"இப்ப சொல்ல மாட்டேன். சின்ன உடம்பு. லேட்டா வந்திருக்கீங்க."

வீட்டுக்கு வந்த டிகிரி வேறு ஆளாகிவிட்டான். அதாவது அதே ஆள்தான், பைத்தியம் மட்டும் திசை மாறியிருந்தது. பெட்டிக்குள் நான்கு வெப்பமானி. தானாக விளக்கை ஏற்றி இறக்க ஒரு தெர்மோஸ்டாட். அது கெட்டுப்போனால் இன்னொன்று. ஏசி கழற்றின சுவரில் ஓட்டை அப்படியே கிடந்தது. வேலைக்கு லீவு சொன்னான். வெறும் பனியனோடு, ஹாலில் முப்பது டிகிரியில், வியர்வை வழிய வழிய உட்கார்ந்து ஒரு ஆமை மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, "ஏசி இல்லாம வீட்டுல இருக்க முடியல சார்" என்றார். "முடியும், முடியும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அத்தை அழைத்தபோது இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை 'வேலையில் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பினான். அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தான், அத்தை அதிலிருந்து எழுந்து வந்துவிடுவார் என்பது போல.

மனைவி மறுநாள் மத்தியானம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன இவ்வளவு சூடு? ஏசி எங்க?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"ஒரு சத்தம் வந்துச்சு."

"போயிருச்சா?"

"இல்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஓடுகிற ரயிலில் தினமும் நூறு முகத்தைப் படிக்கிற பார்வை அது. பிறகு பெட்டியைப் பார்த்தாள், மருந்துச் சீட்டைப் பார்த்தாள், கசங்கிப்போன நான்கு பக்கத்தைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வரிசையா சொல்லு."

சொன்னான். இலையை விரலால் ஆட்டியது வரை சொன்னான். அந்த இடத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"கொஞ்சம் தேறட்டும், அப்புறம்…"

"டிக்கெட் இல்லாம ஏறினவன் முதல்ல பாத்ரூம்ல போய் ஒளிவான். கதவைத் தட்டினா, அடுத்த ஸ்டேஷன்ல எடுத்துக்கறேம்பான். எத்தனை பேர்ட்ட கேட்டிருப்பேன்! நீ அதேதான் சொல்ற." தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இப்பவே கூப்பிடு. நான் பக்கத்துல உட்காந்திருக்கேன். ஆனா நான் பேச மாட்டேன்."

அத்தை முதல் மணியிலேயே எடுத்தார். டிகிரி எங்கேயோ தொடங்கி எங்கேயோ சுற்றி, ஏசி, விளக்கு, ரொட்டி, விசில் எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில், "அன்னைக்கு வீடியோவுல அவர் சாப்பிடல அத்தை. நான்தான் இலையை ஆட்டினேன்" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற ஒலி கேட்டது.

"எடை எவ்வளவு?" என்றார் அத்தை.

"இருநூத்திப் பதினொண்ணு."

"மூக்குக் குமிழி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம்."

"தினம் காலையில ஏழு மணிக்கு எடையை அனுப்புங்க. குறைஞ்சா குறைஞ்சதுன்னே அனுப்புங்க. எனக்கு நல்ல சேதி வேண்டாம். சரியான சேதி வேணும். என்னால அக்காவை விட்டுட்டு வர முடியாது. அதனால உங்களைத்தான் நம்பியாகணும். வேற வழி இல்ல."

திட்டியிருந்தால் டிகிரி தாங்கியிருப்பான். திட்டு வாங்குவதற்கென்று நேற்றிலிருந்தே முதுகைத் தயார் செய்து வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் நம்புவது என்கிற அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனவன் ரொம்ப நேரம் வரவில்லை. மனைவி கதவைத் தட்டவில்லை.

தினமும் ஏழு மணிக்கு ஒரு எண் போனது. 211. 209. 209. 208. எந்தப் பதிலும் வராது. அத்தை பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழும். ஒருநாள் காலையில் தராசு 206 காட்டியது. 208 என்று அடித்தான். அனுப்பும் முன் விரல் நின்றது. இத்தனைக்குப் பிறகும் தன் விரல் தானாகப் பொய்யை அடிக்கிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அழித்துவிட்டு 206 என்று அனுப்பினான்.

அன்றைக்குத்தான் ஜட்ஜ் ஐயா தொட்டாலும் அசையாமல் கிடந்தார். டிகிரி பதறிப்போய் பின்னங்காலை விரலால் பிடித்தான். பிடித்த காலை அவர் மிக மிகச் சோம்பலாக உள்ளே இழுத்தார். அந்த இழுப்பில் எத்தனை கிராம் பலம் இருந்திருக்கும்? ஆனால் டிகிரிக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாவது ஊசிக்குப் போனபோது முன்னங்காலையும் இழுத்துக்கொண்டார். டாக்டரால் இரண்டு தடவை முயன்றுதான் குத்த முடிந்தது. "நல்லது. எதிர்ப்பு தெரிவிக்கறார்" என்றார். டாக்டர் முதல்முறையாகச் சிரித்ததும் அப்போதுதான்.

பத்தாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டிருந்தபோது ஜட்ஜ் ஐயா தண்ணீர் குடித்தார். குடித்த சற்று நேரத்தில் வெளிக்குப் போனார். கறுப்பாக, விரல் நுனியளவு. டாக்டர் சொல்லியிருந்தார், குடல் வேலை செய்யத் தொடங்குகிற அடையாளம் அதுதான் என்று. டிகிரி ஹாலில் குதித்தான். பல கோணத்தில் படமெடுத்தான். 'கடைசியில் வந்துவிட்டது!!!' என்று எழுதி அத்தைக்கும் மனைவிக்கும் அனுப்பினான். அனுப்பி இரண்டு நிமிடத்தில் போன் அதிர ஆரம்பித்தது. அவசரத்தில் மனைவிக்குப் பதில் மெக்கானிக் குழுவுக்குப் போயிருந்தது. நாற்பத்திரண்டு பேர்.

'டிகிரி அண்ணே, இது எந்த மாடல் கம்ப்ரசர்?'

'வாழ்த்துகள். எத்தனை நாளாச்சு?'

'ஸ்பேர் கிடைக்குமா?'

அவன் பதினேழு வருடத்தில் சேர்த்த மரியாதை அந்தப் பத்து நிமிடத்தில் போனது. ஆனால் அவனுக்கு அதில் ஒரு கிராம்கூட வருத்தமில்லை. அத்தையிடமிருந்தும் முதல் பதில் வந்திருந்தது: 'நிறம் சரியாக இருக்கிறது.'

ஆனாலும் அவர் சாப்பிடவில்லை. செம்பருத்தி இலை, பூ, தோட்டத்துக் களை, எல்லாம் வைத்தாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் டிகிரி தெர்மோஸ்டாட் கம்பியைச் சீவும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டான். மெக்கானிக்குகளின் வழக்கப்படி, மருந்து தேடாமல், கையிலிருந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டான். அந்தக் கையோடு இலையை மாற்றப் பெட்டிக்குள் கைவிட்டபோது, ஜட்ஜ் ஐயா இரண்டு கண்ணையும் திறந்தார். சிவப்பைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொன்று. கழுத்தை நீட்டி, நிதானமாகக் குறிபார்த்து, கட்டைவிரலைக் கவ்வினார்.

வெட்டுப்பட்ட இடத்தில். டிகிரி கத்தினான், ஆனால் கையை இழுக்கவில்லை. இழுத்தால் பயந்து மறுபடி சாப்பிடாமல் போய்விடுவாரோ என்று, கண்ணில் நீர் முட்ட, அப்படியே நின்றான். மறுகையால் பக்கத்தில் கிடந்த சிவப்புச் செம்பருத்தியை மெல்ல நகர்த்தினான். ஜட்ஜ் ஐயா விரலை விட்டார். பூவைப் பார்த்தார். ஓர் இதழைக் கடித்தார். தாடை அசைந்தது. யாரும் பின்னாலிருந்து ஆட்டாமல், தானாக, அசைந்தது.

மறுநாள் எடை 209. அதற்கடுத்து 211. 214. ஏழாவது ஊசியன்று டாக்டர் ஓட்டில் காதுக்குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அதை டிகிரியின் காதில் மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை, அதாவது மூச்சு மட்டும் வந்து போனது. "குளிர்காலம் வந்தா ஜாக்கிரதை. ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வரலாம்" என்றார். டிகிரி குறித்துக்கொண்டான். அவனுடைய குறிப்பு இப்போது ஆறு பக்கம் தாண்டியிருந்தது.

அக்கா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் அத்தை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் கையில் தராசு இருந்தது. சொந்தத் தராசு. மருமகனின் தராசை அவர் நம்பத் தயாராக இல்லை. ஜட்ஜ் ஐயாவை இரண்டு கையாலும் தூக்கி, மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நான்கு காலையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு தராசில் வைத்தார். இருநூற்று முப்பத்தெட்டு. காலையில் டிகிரி அனுப்பியதும் அதே எண்தான். அத்தை தராசைப் பைக்குள் வைத்தார்.

கிளம்புகிற வரைக்கும் எல்லோரும் ஹாலில் வியர்த்துக்கொண்டே காபி குடித்தார்கள். டிகிரி பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் ஏற்றி, குலுங்காமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தான். தெர்மோஸ்டாட்டை எப்படித் திருப்புவது என்று விளக்கினான். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கதவை மூடப் போனவன், மூடாமல் நின்றான்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாமா?"

அத்தை அவன் பனியனையும், கட்டைவிரல் வடுவையும், பின்னால் வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார்.

"வாங்க" என்றார். "ஆனா உள்ள வந்ததும் சோப்பு போட்டு கையைக் கழுவணும். நீங்க எங்கெங்கயோ கை வைக்கிற ஆளு."

டாக்ஸி தெருமுனை திரும்பியது. டிகிரி உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாள்காட்டியில் பார்த்தான். நாலு.